காக்கை தொடாத இலை

புத்தூர் தாலுகா,
8-8-1956

சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மா அவர்களுக்கு,

கரும்பு வைத்துப் பிழைக்கும் அப்பாவு எழுதுவது. க்ஷேமமா என்று கேட்க மாட்டேன். கேட்பதற்கு உறவு வேண்டும். எனக்கு அம்சவேணி என்று ஒரு மகள் இருந்தாள். ஆந்திரா ராஜ்யம் பிறந்த வருஷம் உங்கள் வேதத்தில் சேர்ந்தாள். அந்த வாரமே வைக்கோலில் பொம்மை கட்டி, அவளுடைய ஊதாத் தாவணியைச் சுற்றி, கொள்ளி வைத்துக் கருமாதியும் முடித்தேன். ஊர் நடுவில் சொன்ன சொல்லை மாற்றுகிறவன் அல்ல நான்.

தொல்லை என்னவென்றால், மூன்று ஆடி அமாவாசையாக அவளுக்கு வைக்கும் படையலைக் காக்கை தொடவில்லை. அதே கூரையில் என் தகப்பனுக்கு வைத்ததைக் கொத்தித் தின்கிறது. மகள் இலைக்கு வந்ததும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பறந்துவிடுகிறது. "பொண்ணு கோவமா கீது, என்னமோ கேக்குது" என்கிறார்கள் ஊரில். என் பெண்சாதி செங்கம்மா அழுதபடி கிடக்கிறாள்.

நீங்கள் அந்தச் சாமியைக் கும்பிடுகிறவர். செத்தவளுக்கு என்ன குறை என்று கேட்டு ஒரு கார்டு போடவும்.

இங்ஙனம்,
அப்பாவு


சித்தூர்,
15-8-1956

அன்புள்ள நைனாவுக்கு,

நீங்கள் நர்சம்மா என்று விலாசம் போட்ட, காலஞ்சென்ற மகள் அம்சவேணி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம். செத்தவளுக்கு இதைவிடச் சுகம் என்ன வேண்டும்?

உயிரோடு இருப்பவள் சோற்றைக் காக்கை எப்படித் தொடும் நைனா? உங்களைவிட அதற்கு நியாயம் தெரிகிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன். குறை என்று கேட்டதால் சொல்கிறேன். இங்கே கடவுளைப் பிதாவே என்று கூப்பிட்டுத்தான் ஜெபத்தைத் தொடங்குவார்கள். என்னோடு வேலை செய்யும் மணியம்மா பெற்ற தகப்பனிடம் கேட்பதுபோல் கேட்கிறாள், சண்டைகூடப் போடுகிறாள். எனக்கு அந்த முதல் வார்த்தையிலேயே வைக்கோல் புகை மணக்கிறது. வேதக்கோயிலுக்குள் புகை ஏது? முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வந்து நிற்கும். உங்கள் நடை. திரும்பினால் கையில் கொள்ளி இருக்குமோ என்று நான் திரும்புவதில்லை. தாசில்தாரிடம் மனுக் கொடுப்பவள் மாதிரி 'ஐயா' என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். தகப்பன் என்கிற வார்த்தை பொம்மையோடு எரிந்துவிட்டது. எனக்கு அது திரும்ப வேண்டும்.

ஒரு முறை வாருங்கள். வராவிட்டால் அந்த இலையையாவது போடாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் மகள்,
அம்சவேணி


புத்தூர் தாலுகா,
28-7-1957

அம்சவேணிக்கு,

நீ இருக்கிறாயா? இதைக் கண்டதும் ஒரு வரி போடு. ஒரு வருஷமாக உன் காகிதத்துக்குப் பதில் போடாதவன் கேட்கிறேன்.

நேற்று அமாவாசை. உச்சிப் பொழுதில் காக்கை உன் இலையைத் தொட்டது. என் தகப்பன் இலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே உன்னிடம் வந்து, எள்ளுச் சோற்றில் பாதியைத் தின்றது. "அப்பாடா, பொண்ணு ஏத்துக்கினா" என்று எல்லாரும் கைகூப்பினார்கள். உயிரோடு இருப்பவள் சோற்றைக் காக்கை தொடாது என்று நீ எழுதியிருந்தாயே. கல்லை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி அதை விரட்டினேன். படையல் தின்னும் காக்கையை அடித்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். "துன்னாதே! எம் பொண்ணு உயிரோட கீறா!" என்று கத்தினேனாம். செங்கம்மா சொல்கிறாள், எனக்கு ஞாபகம் இல்லை.

நம் ஊர் மதராசுக்கா ஆந்திராவுக்கா என்ற எல்லைத் தகராறில், தமிழ் பேசுகிறவர்களை வீடு வீடாக எண்ணி எழுதுகிறார்கள். காலையில் வந்தவரிடம் இரண்டு பேர் என்று சொல்லியிருந்தேன். ஏணியிலிருந்து இறங்கி ஓடி, தெருக்கோடியில் அவரை நிறுத்தி, மூன்று பேர் என்று மாற்றச் சொன்னேன். பெயர் கேட்டார். நாலு வருஷம் சொல்லாத பெயர், வாயில் வரவில்லை. எழுதிக் காட்டினேன்.

சித்தூர் பஸ் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். அங்கே வந்து, 'அப்படி ஒருத்தி இருந்தாள்' என்று யாராவது சொல்லிவிட்டால்?

உன் நைனா,
அப்பாவு


சித்தூர்,
6-8-1957

என் நைனாவுக்கு,

இருக்கிறேன். படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்துக் கோணலாக இருக்கும்.

மூன்று வாரம் டைபாய்டு. இருபத்தேழாம் தேதி காலை டாக்டரம்மா கையை விரித்துவிட்டாராம். அன்று உச்சியில் நான் எழுந்து உட்கார்ந்து, வெறும் கையால் அள்ளி அள்ளித் தின்றேனாம். எதிரில் இலையும் இல்லை, தட்டும் இல்லை. "என்னாடி துன்ற?" என்று மணியம்மா கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். விரலிடுக்கில் எள் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக் கஞ்சியில் எள் ஏது? அவள் இன்னும் என் அருகில் தனியாக உட்காருவதில்லை.

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சோறு ருசியாக இருந்தது, நிறுத்த முடியவில்லை. வைக்கோல் புகை வந்தது. பின்னால் அந்தச் செருப்புச் சத்தம். பயத்தில் கூப்பிட்டேன். பிதாவே என்று வரவில்லை, நைனா என்றுதான் வந்தது. முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தேன். முகம் தெரியவில்லை. கையில் கொள்ளி இல்லை, ஒரு கல் இருந்தது. "துன்னாதே" என்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டேன். மாலையில் ஜுரம் இறங்கியது.

பிறகுதான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன்.

வந்தது நீங்களா, நான் கும்பிடுகிறவரா என்று போதகரைக் கேட்டேன். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இப்போது ஜெபத்தில் நைனா என்றே கூப்பிடுகிறேன். புகை வருவதில்லை. மனுக் கொடுப்பதும் இல்லை. பெற்றவரிடம் நச்சரிப்பதுபோல் நச்சரிக்கிறேன், அதிகமும் உங்களைப் பற்றித்தான்.

பயப்படாமல் பஸ் ஏறுங்கள். அம்மாவையும் அழைத்து வாருங்கள். அடுத்த ஆடிக்கு என் இலையைக் கூரைமேல் வைக்காதீர்கள். வீட்டுக்குள்ளே போடுங்கள், நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எள் மட்டும் வேண்டாம்.

உங்கள் மகள்,
அம்சவேணி