நிச்சயத்துக்கு வாங்கிய ஆடு இளைத்துப்போனது குறித்து

அனுப்புநர்:
சகின்பெக் தொரோயேவ்,
காலணி மொத்த வியாபாரி,
வாதுமைத் தெரு, தெமிர்-புலாக்,
கிர்கிஸ்தான்.

பெறுநர்:
ஊரடங்குக் கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
தெமிர்-புலாக் நகரம்.

பொருள்: உடல் பருமனானவர்கள் ஆடு இல்லாமல் நடக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சந்தையில் மூட்டை தூக்கி, பிறகு கடை வைத்து முன்னேறியவன். கடை வளர்ந்தது, கூடவே நானும் வளர்ந்தேன். சென்ற ஆண்டு மருத்துவர், "தினம் நடங்க, இல்லேன்னா முட்டி உங்களைத் தாங்காது" என்றார். அதன்படி கால்வாய்க் கரையில் நடந்து நடந்து, சட்டைக்குப் பொத்தான் போடும் நிலைக்கு வந்திருந்தேன். அப்போதுதான் ஊரடங்கு வந்தது.

2. தங்கள் உத்தரவுப்படி கடைக்கும், மருந்துக்கும், கால்நடை மேய்ச்சலுக்கும் மட்டுமே வெளியே வரலாம். உடற்பயிற்சி அதில் இல்லை. வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தேன். எந்தப் பக்கம் கிளம்பினாலும் அடுப்படியில் போய் முடிந்தது. ஆகவே என் மகள் அய்பெரியின் நிச்சயத்துக்காக வாங்கி வைத்திருந்த, வாலில் கொழுப்பு சேரும் செம்மறிக் கிடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். சட்டப்படி நான் மேய்ப்பவன்.

3. இதைச் சன்னல் வழியே பார்த்த பக்கத்து வீட்டு ஆசிரியர் அசன்குல் ஒரு நடைக்கு ஆட்டைக் கேட்டார். சர்க்கரை உள்ளவர், எப்படி மறுப்பேன்? அடுத்து ரொட்டிக்கடை ஜிர்கால் வந்தார். அவர் உடம்பு தாங்கள் அறிந்ததே. பிறகு தெருவிலுள்ள கனத்தவர்கள் அனைவரும் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு நடை. ஆட்டுக்கோ எல்லா நடையும். அது புல்லுக்குக் குனிந்தால், "டேய், நிக்காதடா! இப்பதான் எனக்கு வேர்க்க ஆரம்பிச்சிருக்கு" என்று ஜிர்கால் இழுத்துப்போகிறார். என் ஆடு, எனக்கே முறை கிடைப்பதில்லை. கிடைத்த அன்றும் காவலர் ஒருவர் நிறுத்தி, "அண்ணே, இதுல யாரு யாரை மேய்க்கிறது?" என்று கேட்டார்.

4. விளைவு யாதெனில், தாம்பாளம் போல் இருந்த ஆட்டின் வால் இன்று கைக்குட்டை போல் தொங்குகிறது. இரு வீட்டாரும் வால்கொழுப்பையும் ஈரலையும் சேர்ந்து உண்டால்தானே நிச்சயம் உறுதியாகும்? இந்த வாலைத் தட்டில் வைத்தால் சம்பந்திகள், "பொண்ணைக் கொடுக்க மனசில்லேன்னு வாயாலேயே சொல்லியிருக்கலாமே" என்று எழுந்து போய்விடுவார்கள். வேறு வாங்கலாம் என்றால் ஆட்டுச்சந்தையும் மூடிக் கிடக்கிறது. மகள் என்னோடு பேசுவதில்லை. மனைவியோ, "இளைக்க வேண்டியவரு பெருக்குறாரு, பெருக்க வேண்டியது இளைக்குது" என்று நிறுத்தாமல் பேசுகிறாள்.

5. ஆகவே, மருத்துவர் நடக்கச் சொன்னவர்கள் காலையில் ஒரு மணி நேரம் தனித்தனியே, முகக்கவசத்தோடு, ஆடின்றி நடக்கத் தாங்கள் அனுமதிக்க வேண்டும். மக்கள் நடந்தால் என் கடையில் காலணி விற்கும் என்பதையும் மறைக்கவில்லை.

6. அதற்கு விதி இடம் தராதெனில், என் ஆட்டுக்காவது ஊரடங்கு விதித்து, எக்காரணம் கொண்டும் அது வீட்டை விட்டு வெளியே வரக்கூடாதென எழுத்துமூலம் ஆணையிடுங்கள். நான் மறுத்தால் பகை; தாங்கள் மறுத்தால் சட்டம். எங்கள் வீட்டு நல்ல காரியம் தங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
சகின்பெக் தொரோயேவ்
(ஒப்பம்)

இடம்: தெமிர்-புலாக்
நாள்: 20.04.2020

இணைப்பு: ஆட்டின் வால், ஊரடங்குக்கு முன்னும் பின்னும் – புகைப்படங்கள் இரண்டு.

குறிப்பு: இம்மனுவைத் தங்கள் அலுவலகத்தில் சேர்ப்பதற்கும் ஆட்டோடுதான் நடந்துவர வேண்டியிருந்தது. அன்புகூர்ந்து பதிலைத் தபாலில் அனுப்பவும். இன்னொரு நடையை அது தாங்காது.