மூன்று பரலோக மந்திர நேரம்

இன்று காலை நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காப்பிப் பழத்தோல் புளித்த வாடை முகத்தில் அடித்தது. உடனே உங்கள் நினைவுதான். நீங்கள் இருந்தவரை சொல்லாத ஒன்றை, நீங்கள் போனபிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளில் நம் எஸ்டேட் முதலாளிக்கு ட்ரவுட் மீன் வளர்க்கும் ஆசை வந்தது. நீலகிரியிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, ஊற்றுத் தண்ணீர் விழும் தொட்டியை உங்கள் பொறுப்பில் விட்டார். நான் பக்கத்துக் கொட்டகையில் பல்பர் மெஷின் ஓட்டிக் காப்பிப் பழத்தோல் உரித்துக்கொண்டிருந்தவன். குளிர்ந்த தண்ணீர் இல்லாவிட்டால் அந்த மீன் தாங்காது என்று கேள்விப்பட்டதும், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டீர்களே! பாதரசம் அசையவே இல்லை.

"மீனுக்குக் காய்ச்சல் இல்லீங்க" என்று சிரித்தேன்.

நீங்கள் அசரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றீர்கள். "மூணு பரலோக மந்திரம் சொல்றதுக்குள்ள காலு மரத்துப்போகோணுமுங்க. அப்பத்தான் தண்ணி சரி." கோயிலில் நீங்கள் சொல்லும் 'பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே' ஜெபத்தைத்தான் சொன்னீர்கள்.

மீன் எத்தனை தடவை செவுளை விரிக்கிறது என்று குப்புறப் படுத்து எண்ணுவீர்கள். எல்லாக் குஞ்சையும் ஒரே தொட்டியில் விடச் சொன்ன முதலாளியிடம், "நெருக்கியடிச்சா மூச்சு முட்டுமுங்க" என்று வாதாடி, பாதியைப் பக்கத்து எஸ்டேட்டுக்குக் கொடுக்க வைத்தீர்கள்.

மார்கழியில் ஒருநாள், பல்பர் கழுவிய தண்ணீர் போகும் சாக்கடை தோலால் அடைத்துக்கொண்டது. அள்ளச் சோம்பல்பட்டு, கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று அந்தத் தண்ணீரை, தொட்டிக்கு ஊற்று வரும் உங்கள் வாய்க்காலில் திருப்பிவிட்டேன். மத்தியானம் மீன்கள் வாயைப் பிளந்து மேலே வந்தன. பொழுது சாய்வதற்குள் முக்கால்வாசி செத்து மிதந்தன.

"பாதியே அதிகந்தானுங்க. ஆசப்பட்டு நொம்ப உட்டுப்போட்டேன்" என்று தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். முதலாளி உங்களைத் திட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருடம் புதுக் குஞ்சுகள் வந்தன. குறைத்து விடுவீர்கள் என்று பார்த்தேன். போன வருடம் விட்ட அதே அளவைத்தான் விட்டீர்கள். பல்பர் ஓட்டத் தொடங்கிய அன்று கொட்டகைக்கு வந்து, "ஏனுங்க, சாக்கடை அடைச்சா ஒரு சத்தங் குடுங்க. நானும் வந்து தோலை அள்ளறேன்" என்றீர்கள். அவ்வளவுதான்.

எப்போது தெரிந்தது உங்களுக்கு? வாடை பிடித்தா, வாய்க்காலைப் பார்த்தா? என்மேல் பழி வரக்கூடாதென்றுதான் அன்றைக்கு உங்களையே நொந்துகொண்டீர்களா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

நான் மலைச்சாமி சேர்வராயனைக் கும்பிடுகிறவன். ஆனாலும் கேட்டுக் கேட்டே உங்கள் மந்திரம் எனக்கு மனப்பாடம். இன்று அந்த வாய்க்காலில் இறங்கிச் சொல்லிப் பார்த்தேன். 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்று மன்னிப்புக் கேட்கும் இடம் வந்ததும் நாக்கு எழவில்லை. கால் மரத்துப்போகும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.