இரண்டு செல்விகளுக்கும் ஒரே மாறி

நீ எழுதிய நிரல் செல்வி அக்காவின் தண்ணீரைப் பறித்துவிட்டது. இன்று காலை அவர் காலிக் குடத்தை என் வாசலில் ணங்கென்று வைத்தார். "இன்னாபா, அவன் இருந்த வரைக்கும் மெசேஜ் வந்துகினு இருந்துச்சு. இப்போ செத்தது அவனா, நானா?"

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தின் பக்கம், நம் லைன் வீடுகளுக்கு லாரித் தண்ணீர் வரும்போது, வீடு வீடாக முறை வைத்து போனுக்குச் செய்தி அனுப்பும் நிரல் அது. யார் பதிந்தாலும் அவர் பெயரிலேயே உள்ளே ஒரு மாறி, அதாவது பெயர் ஒட்டிய ஒரு டப்பா, முளைக்கும். புதிதாகக் குடிவந்த பெண்ணும் செல்வி. அவர் பதிந்ததும், பழைய செல்வியின் போன் எண் அழிந்து அந்த இடத்தில் புது எண் உட்கார்ந்துகொண்டது.

பெங்களூர் ரயிலில், கதவோரம் நின்றபடி, இதைத்தான் உன்னிடம் அன்றே சொன்னேன். வேலையிடத்தில் புதிய முறைகளை நான் கற்றுக்கொண்டிருந்த சமயம். "ஆளுக்கொரு மாறி வெக்காதடா. எல்லா வீட்டையும் ஒரே அரேல போடு. ஒண்ணு, ரெண்டுன்னு வரிசையா நிக்கும்."

"நம்பரா? எங்க தாத்தா ஷாஃப்ட்ல எறங்கறப்போ அவருக்கும் நம்பர்தான். மேல வந்தாதான் பேரு. போடா."

"ரெண்டு செல்வி வந்தா இன்னா பண்ணுவ?"

"ஒருத்திய நீ கட்டிக்கோ."

பெட்டியே சிரித்தது. நான் கோபித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

இன்று உட்கார்ந்து மாற்றிவிட்டேன். ஒரே அணி, அன்று சொன்ன அரேதான். ஒவ்வோர் இடத்திலும் ஒரு வீடு, வீட்டுக்குள் பெயர், போன் எண். இரண்டு செல்விகளும் இடிக்காமல் நிற்கிறார்கள். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த பெயரை உள்ளே வைத்தேன், அவ்வளவுதான். நீ பயந்தபடி யாரும் வெறும் எண்ணாகிவிடவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. பூமிக்கடியிலிருந்து தங்கத்தை மேலே ஏற்றத் தெரிந்த ஊருக்கு ஒரு குழாய் போட எவனுக்கும் தெரியவில்லை. நாமோ வரிசையை அழகாக்கிக்கொண்டிருக்கிறோம்.

செய்தியின் வாசகத்தை மட்டும் தொடவில்லை. "லாரி வந்துகினு கீது, குடத்த எடுத்துகினு வாங்க." அது உன் வாய்.

அதில்தான் மாட்டிக்கொண்டேன். உன் அம்மா பூதிகோட்டையில் உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பூட்டிக் கிடக்கும் உன் வீட்டின் முறைக்கும் எல்லோரும் காத்திருக்க, கடைசி வீட்டுக்கு வருவதற்குள் லாரி கிளம்பிவிடுகிறது. உன் வீட்டை வரிசையிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார்கள். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இருக்கட்டும்பா. அந்த மெசேஜ் வந்தா அவன் கூப்டற மாதிரி கீது."

முறையை எடுத்துவிட்டுச் செய்தியை மட்டும் அனுப்பலாம்தான். இல்லாத தண்ணீருக்கு அழைப்பு அனுப்பும் வேலையை அதிகாரிகளே நன்றாகச் செய்கிறார்கள், நான் எதற்கு? எடுத்தால் உன் அம்மாவுக்கு நீ கூப்பிடுவது நின்றுபோகும். வைத்தால் ஒரு வீடு தண்ணீரில்லாமல் கிடக்கும்.

முறை வைத்தவன் நீ. உன் வீட்டை எடுக்கட்டுமா, வேண்டாமா? சொல்லுடா.