"வழக்கப்படி" என்ற ஒரு சொல்லும் ஏழாம் எண் கரிமண் மாதிரியும்

அனுப்புநர்:
இளநிலை ஆய்வாளர்,
கரிமண் பகுப்பாய்வுக் கூடம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தரக்கட்டுப்பாட்டுத் தலைமையகம்.

பொருள்: ஹியூமிக் அமிலம் பிரித்தெடுக்கும் முறையில் இருந்த வேறுபாட்டைக் கலப்படம் எனக் கொண்டு முதுநிலை ஆய்வாளரைப் பணியிடைநீக்கம் செய்தது – மறுபரிசோதனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பணியிடைநீக்கம் செய்யப்பட்ட முதுநிலை ஆய்வாளர் என் அண்ணி. ஆகவே இம்மனுவைச் சந்தேகத்துடனே வாசிப்பீர்கள், அது நியாயம்தான். உறவை மறைத்து எழுத மனம் வரவில்லை.

2. சதுப்பிலிருந்து வெட்டிவந்த ஏழாம் எண் மாதிரியில், ஒரே கரிமண்ணில், எங்கள் கூடம் 34 விழுக்காடு ஹியூமிக் அமிலம் கண்டது. தலைமையகம் 19 கண்டது. எங்கள் வடிநீர் மைபோலக் கறுத்திருந்தது. உங்களுடையது தேநீர் நிறம். நிலக்கரியிலிருந்து எடுத்த அமிலத்தை அண்ணி கலந்துவிட்டார் என்பது விசாரணைக் குழுவின் முடிவு. "ஒரே மண்ணுக்கு ரெண்டு கணக்காம்மா? மண்ணு கூடவா ஆளப் பாத்துப் பேசும்?" என்று குழுத் தலைவர் அண்ணியைக் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

3. பேசும், ஐயா. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் மண் இறுகப் பிடித்திருப்பதையும் விட்டுவிடும். பைரோபாஸ்பேட் மென்மையானது, உலோகங்களோடு பிணைந்திருப்பதை விடுவித்து, மீதியில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். நாம் அளப்பது மண்ணில் இருந்ததை அன்று, நம் கரைசல் வெளியே கொண்டுவந்ததை. பதிவேட்டின் 'முறை' கட்டத்தில் "வழக்கப்படி" என்று எழுதுவோம். எங்கள் வழக்கம் காஸ்டிக் சோடா, உங்கள் வழக்கம் பைரோபாஸ்பேட். இரண்டு பதிவேடுகளிலும் அதே சொல்தான் இருக்கிறது. எந்த வழக்கம் என்று குழு கேட்கவில்லை.

4. கறுப்பு நிறத்துக்குக் காரணம் வேறு. காரக் கரைசலில் காற்று பட்டால் அமிலம் ஆக்சிஜனை உறிஞ்சிக் கறுக்கும். அதன் இயல்பே மாறும். அதனால் குடுவைக்குள் நைட்ரஜன் செலுத்தியே வேலை செய்வோம். இந்த மாதிரியைச் சோதித்த அன்று நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அடுத்தது வர இரண்டு நாளாகும் என்றார்கள். குடுவையைத் திறந்தபடியே நான்கு மணி நேரம் குலுக்கும் கருவியில் ஓடவிட்டவள் நான். "வழக்கப்படி" என்று எழுதியவளும் நான். அன்று விடுப்பிலிருந்த அண்ணி, மறுநாள் என்னை நம்பிக் கையெழுத்திட்டார்.

5. விசாரணைக்குக் கிளம்பும்போது, உண்மையைச் சொல்லப்போவதாக அண்ணியிடம் சொன்னேன். "நீ வாயத் திறக்காத. ஒருத்தி வேலையாவது மிஞ்சட்டும்" என்றார். நானும் திறக்கவில்லை. இப்போது பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அமர்ந்திருக்கிறார். ஆய்வுக் கூடத்திலிருந்து நான் வீடு திரும்பியதும் "சாப்பிட்டியாடி?" என்று மட்டும் கேட்கிறார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

6. காப்பறையில் உள்ள ஏழாம் எண் மாதிரியின் மீதி இம்மாதம் 30ஆம் தேதி அழிக்கப்படவுள்ளது. அதற்குமுன் அதை இரு முறைகளிலும், காற்று பட்டும் படாமலும், பரிசோதிக்க ஆணையிட வேண்டுகிறேன். கலப்படம் இல்லை என்று தெரிந்ததும் அண்ணியின் பணியிடைநீக்கத்தை ரத்து செய்யுங்கள். தவறான பதிவுக்குரிய தண்டனை எனக்கு உரியது.

இம்மனு எழுதியது அண்ணிக்குத் தெரியாது. அவரை விடுவிக்கும் ஆணையை வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள். என் மீதான ஆணையை மட்டும் ஆய்வுக் கூடத்துக்கு அனுப்புங்கள், ஐயா. வீட்டில் தபால் வாங்குவது அவர்தான்.

சொல்ல வேண்டியதைத் தாமதமாகச் சொல்லும்,

(கையொப்பம்)
இளநிலை ஆய்வாளர்

நாள்: 14, செவ்வாய்
இடம்: பகுப்பாய்வுக் கூடம், இரண்டாம் தளம்