சுவர் கட்டியவரின் கத்தி

ஸனா, தஹ்ரீர் சதுக்கம்
24 பிப்ரவரி 2011

என் அன்பு மகள் இஷ்ராக்குக்கு,

வாப்பா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்பதில்தான் சந்தேகம்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். முந்தாநாள் நீ ஃபோனை எடுத்தபோது உன் பின்னால் ஆயிரம் பேர் "வெளியேறு! வெளியேறு!" என்று கத்தினார்கள். என் ஃபோனில் பேசினால் பக்கத்துத் தெருவரை கேட்கும். எங்கள் கூடாரத்தில் பதினோரு பேர், எல்லோரும் அதிபருக்கு ஆதரவாக வந்து உட்கார்ந்திருப்பவர்கள். தைஃபுல்லா, கன்னம் நிறைய காத் இலையை அதக்கி மென்றுகொண்டே, "என்ன முக்பில், உன் மக இருக்கிற இடத்துல ஒரே சத்தமா இருக்கு?" என்றான்.

"கல்யாண வீட்ல இருக்கா."

"மாப்பிள்ளையையா வெளியேறச் சொல்றாங்க?"

கூடாரமே சிரித்தது. நானும் சிரித்தேன், வியர்த்துக்கொண்டே. அதனால் இனிமேல் கடிதம்தான். வண்டியில் அவித்த உருளைக்கிழங்கு விற்கும் ஹிஸாம் இரண்டு சதுக்கத்துக்கும் போகிறவன். "உங்க சண்டை எனக்கெதுக்கு? ரெண்டு பக்கமும் பசிக்குதுல்ல" என்கிறான். அவனிடம் கொடுத்தனுப்பு.

அதிபருக்கு எதிராக நீ அங்கே உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊருக்கு ரோடு போட்டவர் அவர். நீ படித்த பள்ளிக்கூடம் அவர் காலத்தில் வந்தது. ஊரிலேயே முதல் பட்டதாரி நீ. அந்த நன்றியாவது வேண்டாமா? சரி, சொல்லிவிட்டேன். அடுத்த கடிதம்வரை இதைப் பற்றிப் பேசமாட்டேன்.

இதோடு என் மதியச் சாப்பாட்டுக் கோழியில் பாதி இருக்கிறது. சூடாறினாலும் சாப்பிடு.

உன் வாப்பா

•

மாற்றச் சதுக்கம், பெண்கள் கூடாரம்
26 பிப்ரவரி 2011

அன்புள்ள வாப்பாவுக்கு,

கடிதமும் கோழியும் வந்தன. இரண்டிலும் சீரக வாசனை. கோழியை என் தோழி அர்வாவோடும் அவள் கணவர் முயீனோடும் பங்கிட்டேன். அதிபர் பக்கத்திலிருந்து வந்தது என்று சொன்னதும் முயீன் ஒரு துண்டை மென்று பார்த்து, "அரசாங்கக் கோழி ருசியாத்தான் இருக்கு. கொஞ்சம் வயசானது. அதிபரோட ஆட்சி மாதிரி முப்பத்தி மூணு வருஷம் இருக்குமா?" என்றார். கோபித்துக்கொள்ளாதீர்கள். எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டவர் அவர்தான்.

நான் அத்தை வீட்டில்தான் தங்குகிறேன். காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவதுதான் இங்கே என் வேலை. ஒருநாள் மேடையில் பேசச் சொன்னார்கள். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினேன், பயத்தில் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அர்வா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ரோடு போட்டார், உண்மைதான். ஆனால் என் படிப்புக்காக அந்த ரோட்டில் சிமெண்ட் மூட்டை சுமந்தது நீங்கள், வாப்பா. என் நோட்டைப் பார்த்துப் பார்த்தே எழுதப் பழகியதும் நீங்கள்தான். நன்றி யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

உங்கள் முட்டிவலி எப்படி? ஈரத் தரையில் படுக்காதீர்கள்.

உங்கள் இஷ்ராக்

•

தஹ்ரீர் சதுக்கம்
15 மார்ச் 2011

மகளே,

ஒரு நல்ல செய்தி. ஒரு மாதமாகச் சும்மா உட்கார்ந்து கை மரத்துப்போயிருந்தது. நான்கு நாளுக்கு முன் ஒருவர் வந்து, "கொத்தனார் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். உங்கள் கூடாரங்கள் நீண்டுகொண்டே போவதால் அங்குள்ள தெருக்காரர்கள் பயப்படுகிறார்களாம். தெருமுனைகளில் சுவர் எழுப்ப வேண்டுமாம். மூன்று பேர் போனோம். ஆளுக்கொரு சுவர்.

எனக்கு வந்தது ரொட்டிக்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில். ஓர் ஆள் உயரம், அதற்கு மேல் ஒரு முழம். மற்ற இருவரும் கல்லை அடுக்கி மேலே சாந்தைப் பூசிவிட்டு எழுந்துவிட்டார்கள். நான் தூக்குக்குண்டு பிடித்து, வரிக்கு வரி கல்லை மாற்றிப் பூட்டிக் கட்டினேன். "தற்காலிகச் சுவருக்கு இவ்வளவு எதுக்குய்யா?" என்றார் அந்த ஆள். எனக்கு வேறு மாதிரி கட்டத் தெரியாதே!

வேலைக்கு நடுவே உன்னைத் தேடினேன். இருநூறு பெண்கள், இருநூறு கறுப்பு அங்கி. நடையை வைத்து ஒருத்தியை நீதான் என்று நினைத்துக் கையாட்டினேன். அவள் முறைத்துவிட்டுப் போனாள். நீயாக இருந்தாலும் அப்படித்தான் முறைத்திருப்பாய்.

உன் வாப்பா

•

20 மார்ச் 2011

வாப்பா,

நான் உயிரோடு இருக்கிறேன். காயமில்லை.

வெள்ளித் தொழுகை முடிந்ததும் அதிபரின் ஆட்கள் சுவரோரங்களில் டயர்களைக் கொளுத்தினார்கள். அந்தப் புகைக்குள் கூரைகளிலிருந்து சுட்டார்கள். ஓடியவர்களுக்குத் தெருமுனையில் சுவர். இரண்டு சுவர்கள் கூட்டம் தள்ளியதும் சாய்ந்துவிட்டன. ஒன்று மட்டும் வெகுநேரம் சாயவில்லை. முயீன் மற்றவர்களைத் தூக்கி ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறினார். இடுப்பில் குண்டு பட்டது. இனி நடக்க மாட்டார் என்கிறார் டாக்டர்.

ரொட்டிக்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில், வாப்பா.

அர்வாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கு எழுதாதீர்கள்.

இஷ்ராக்

•

24 மார்ச் 2011

மகளே,

எழுதாதே என்றாய். இதைக் கடிதமாக எடுத்துக்கொள்ளாதே, மனுவாக எடுத்துக்கொள்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். சுவர் உடைந்து கிடந்தது. உடைந்த பிறகும் இரண்டு கற்கள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. என் சாந்துதான். இத்தனை வருடத்தில் என் வேலையைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டது அன்றுதான்.

தைஃபுல்லா, "நீயா சுட்டே? கூப்பிட்டாங்க, கட்டினே. அவ்ளோதான்" என்கிறான். எதற்கு அந்தச் சுவர் என்று நான் இரண்டாவது முறை கேட்கவில்லையே, இஷ்ராக். ஒருமுறை சொன்னார்கள், நம்பினேன். கேள்வி கேட்காமல் நூல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். தப்புச் செய்தவன் தன் இடுப்புக் கத்தியை நடுவர் கையில் கொடுத்துவிட்டால், என்ன தீர்ப்பானாலும் ஒப்புக்கொண்டான் என்று பொருள். தீர்ப்பு வரும்வரை அவன் இடுப்பு வெறும் இடுப்பு. ஊர் ஷேக்கிடம் போகலாம். ஆனால் எங்களை பஸ் ஏற்றி இங்கே அனுப்பியவரே அவர்தான். இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் நீ. படித்தவளும் நீ.

என் ஜம்பியாவை, என் தகப்பனார் எனக்குக் கட்டிவிட்ட அந்தக் கத்தியை, பெல்ட்டோடு ஹிஸாமிடம் கொடுத்திருக்கிறேன். உருளைக்கிழங்குக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவான். மகளிடம் எந்த ஆணும் இப்படிக் கொடுத்ததில்லை என்று எனக்கும் தெரியும். வாங்கிக்கொள்.

நான் ஊருக்குப் போகிறேன்.

முக்பில்

•

ஸனா, அத்தை வீடு
12 மே 2011

அன்புள்ள வாப்பாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். உங்கள்மேல் கோபமாக இருந்தேன். கோபம் இருக்கும்போதே உங்கள் முட்டிவலி ஞாபகம் வந்தது. அப்புறம் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. இப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது. ரோடு அடிக்கடி அடைபடுகிறது, ஆனால் காத் இலை லாரி மட்டும் எப்படியோ தினமும் வந்துவிடுகிறது. அதில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கத்தி என் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. பெருக்க வந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி! பட்டம் வாங்கினவ யாரைடி குத்தப் போறே?" என்று அலறினார். வாப்பா பாதுகாக்கக் கொடுத்தது என்றேன். நம்பவில்லை. அன்றிலிருந்து தேநீரைக் கொஞ்சம் மரியாதையோடு வைக்கிறார்.

என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது. நான் உங்கள் மகள் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. தினமும் அர்வா வீட்டுக்குப் போகிறேன், முயீனைத் திருப்பிப் படுக்க வைக்க உதவுகிறேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி நான் என்னடி பண்ணுவேன்?" என்கிறாள். அது யார் கட்டிய சுவர் என்று நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவளை இழந்துவிடுவேன். உண்மையை மறைத்துக்கொண்டிருக்கிறவள் எப்படி நடுவராவது?

உம்மாவுக்கு என் முத்தங்கள்.

உங்கள் இஷ்ராக்

•

உத்மா, நம் வீடு
8 செப்டம்பர் 2011

அன்பு மகளுக்கு,

உம்மா சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. டீசல் இல்லை, விறகில்தான் எல்லாம்.

கத்தியில்லாமல் நான் நடப்பதுதான் இங்கே எல்லோருக்கும் பேச்சு. "நீதிக்குக் கொடுத்திருக்கேன்" என்று மட்டும் சொல்கிறேன். எந்த ஷேக்கிடம் என்று ஊரே துருவுகிறது. வடக்கே ஏதோ பெரிய ஷேக் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெரிய வழக்கு போலிருக்கிறது என்று எனக்கு மரியாதைகூடக் கூடியிருக்கிறது. உன் உம்மா மட்டும், "பெல்ட் இல்லாமத்தான் இப்ப தொப்பை தெரியல. அப்படியே இருக்கட்டும்" என்கிறாள். அவளுக்கும் நான் விவரம் சொல்லவில்லை.

உன்னை அவசரப்படுத்த மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமாக நான் ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாட்டுக்கொட்டகைக்குக் கூப்பிட்டார். சாந்துக்கரண்டியைக் கையில் எடுத்தேன், கீழே வைத்துவிட்டேன். தீர்ப்பு கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை, மகளே. தீர்ப்பே இல்லாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் வாப்பா

•

ஸனா
25 நவம்பர் 2011

அன்புள்ள வாப்பாவுக்கு,

அதிபர் பதவி விலகக் கையெழுத்துப் போட்டதைப் புதன்கிழமை டிவியில் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். உண்மையைச் சொன்னால், பேனாவைப் பிடித்த அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கும் ஏதோ செய்தது. ஜூனில் அரண்மனையில் குண்டு வெடித்தபோது தீப்பட்ட கை.

அந்த ஒப்பந்தத்திலேயே அவரை யாரும் விசாரிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறதாம். சதுக்கத்தில் பாதிப் பேர் ஆடினார்கள். பாதிப் பேர் அழுதார்கள். நான் வீட்டுக்கு வந்து உங்கள் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்து மூன்று வருடம் ஆட்சி செய்தவருக்கு விசாரணை இல்லை. மூன்று நாள் சுவர் கட்டியவர் மட்டும் என்னை விசாரி என்று எட்டு மாதமாக வெறும் இடுப்போடு காத்திருக்கிறார். அவர் என் வாப்பா. அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை.

நேற்று அர்வா வீட்டுக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மேடையில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். ஆனால் ஓடிவரவில்லை.

அர்வா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரங்கள் விழுகிற சத்தம் கேட்டது. முயீன் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்த ரெண்டு சுவரும் தள்ளினதும் விழுந்துச்சு," என்றார். "இது ஏன் விழலைன்னு எட்டு மாசமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். இந்த நாட்டுல ஒரே ஒருத்தர் தன் வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கார். அது என் தலையில வந்து விழணுமா?"

சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. அர்வா உள்ளேயிருந்தே கத்தினாள்: "அந்த மனுஷனை இங்க வரச் சொல்லு. எங்கிட்ட ஏன் சொல்லலைன்னு உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன். முதல்ல அவரு வரட்டும்."

என் தீர்ப்பு இது. நீங்கள் ஸனாவுக்கு வர வேண்டும். முயீனுக்கு எதிரில் உட்கார்ந்து, எனக்கு எழுதியதையெல்லாம் உங்கள் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும். அர்வா திட்டுவாள், அது நிச்சயம். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மறைத்ததற்கு எனக்கும் அதே தண்டனை.

அவர்கள் வீட்டு வாசலில் நான்கு கல்படிகள். முயீனுக்குச் சக்கர நாற்காலி கிடைத்திருக்கிறது, ஆனால் இரண்டு பேர் தூக்கினால்தான் தெருவுக்கு வர முடியும். மார்ச்சிலிருந்து அவர் தெருவைப் பார்த்தது ஆறே முறை. அந்தப் படிகளை எடுத்துவிட்டு ஒரு சரிவுப் பாதை கட்டிக்கொடுங்கள். தூக்குக்குண்டு பிடித்து, உங்களுக்குத் தெரிந்த மாதிரியே.

உங்கள் இஷ்ராக்

•

உத்மா
29 நவம்பர் 2011

நடுவர் அவர்களுக்கு,

கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே தீர்ப்பை ஒப்புக்கொண்டேன். அதுதான் வழக்கம். பிறகுதான் படித்தேன். உன் உம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "வடக்கே பெரிய ஷேக்குன்னாங்களே, இவதானா?" என்று கேட்டுவிட்டு, முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் அந்தப் பிள்ளைகளுக்காகத் தேன் எடுத்து ஜாடியில் ஊற்றினாள்.

அதிபரின் படம் நம் சுவரில் இன்னும் இருக்கிறது. தீர்ப்பில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதை இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை காத் லாரியில் வருகிறேன். நேற்று கரண்டியைத் துடைத்து எண்ணெய் போட்டேன். அதற்குள் நீ செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. படிகளின் மொத்த உயரத்தையும் கதவின் அகலத்தையும் அளந்து வை. ஒரு முழ உயரத்துக்குப் பத்து முழம் நீளமாவது வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி தலைகுப்புற ஓடும். பாதை அடுத்த வீட்டு வாசல்வரை போகும். அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். நீதான் பேச வேண்டும். உன்னால் முடியும், அர்வா வீட்டில் முடிந்ததே.

நான் வந்ததும் கத்தியைக் கொடுத்துவிடாதே. அதைக் கட்டிக்கொண்டு குனிந்து வேலை செய்ய முடியாது. சாந்து காயட்டும். ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்புறம் அந்தப் பிள்ளை யாரும் பிடிக்காமல் தானே தெருவுக்கு இறங்கி வரட்டும். வந்த பிறகு, உன் கையாலேயே என் இடுப்பில் கட்டிவிடு.

கொத்தனார் முக்பில்
உன் வாப்பா