வார்ட்லாவின் இளமைக்காலம்

எட்வின்,

ஒன்பது மணி பஸ்ஸில் ஹெக்ஸமுக்குப் போகிறேன். அடுப்பில் சூப் இருக்கிறது, சூடாக்கிக் குடியுங்கள்.

புது வார்ட்லா நாவல் இன்று கடைக்கு வருகிறது, பழைய எழுத்தாளர் இறந்தபின் வேறொருவர் எழுதியது. "செத்துப்போன மனுஷனை நிம்மதியா விடுங்கப்பா! இன்னொருத்தன் எழுதின வார்ட்லா எனக்கெதுக்கு?" என்று நேற்று மேஜையைத் தட்டினீர்கள். இரண்டு வாரமாகப் பழைய ஒன்பது நாவல்களையும் முதலிலிருந்து படிப்பது யார் என்று நான் கேட்கவில்லை. இது வார்ட்லா உளவாளியாவதற்கு முந்தைய கதையாம். அவன் யாரையும் நம்பாதவனாக ஆனது ஏன் என்று நீங்களும் நம் பிள்ளை டங்கனும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வாதாடியிருப்பீர்கள்!

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். டங்கன் திங்கட்கிழமை போன் செய்தான். நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளாத இந்த மூன்று வருஷத்தில் உங்களைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்பா புக்குக்குச் சொல்லி வெச்சுட்டாராம்மா?" என்பதுதான். இல்லை என்றேன். அதற்கு, "அவர் படிக்காம நான் மட்டும் எப்படிம்மா படிக்கிறது?" என்றான்.

அன்று சண்டையில் நீங்கள் இருவரும் பேசியதை நான் கிளறப்போவதில்லை. அவனைப் பார்க்கத்தான் போகிறேன். அங்கே புத்தகக் கடை வாசலில் வரிசையில் நிற்பானாம்.

தெல்மா

பி.கு.: அவன் இரண்டு பிரதி வாங்குகிறான். "அப்பாவோடதை நானே கொண்டுவந்து குடுக்கட்டுமா?" என்று கேட்டான். உங்களைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். நான்கு மணிக்கு வருவோம். கதவை நீங்களே வந்து திறங்கள்.