தானாக விழுந்த பல்

ஜூன் 12, திங்கள்

விடாத மழை. கிளினிக்கில் கூட்டம் இல்லை. இரண்டு ஃபில்லிங், ஒரு குழந்தை (விரலைக் கடித்துவிட்டது). கருவிகளைக் கொதிக்க வைக்கிற மெஷின் மறுபடி மக்கர். மெக்கானிக்குக்குப் போன் போட வேண்டும்.

சாயங்காலம் நாலாவது வீட்டு லலிதா மன்னி. அவள் கணவர் நீலு அண்ணாவுக்கு இன்று வாயில் சதை வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினார்களாம். இது மூன்றாவது தடவை.

"முந்தின ரெண்டுலயும் ஒண்ணும் இல்லைன்னுட்டா. பின்னே டாக்டர்கள் எதுக்குத் திரும்பத் திரும்ப வெட்டறா, விஜி? நம்மகிட்ட மறைக்கறாளாக்கும்."

புற்று திரும்பிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டாள். அண்ணா உயில் எழுத வக்கீலைப் பார்க்கக் கிளம்புகிறாராம். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அப்படியெல்லாம் இருக்காது மன்னி" என்றேன். இருக்காது என்று எனக்குத்தானே தெரியும். உள்ளே போய்க் காப்பி கலந்து எடுத்துவந்தேன்.

ஜூன் 13, செவ்வாய்

எழுதித் தொலைக்கிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

அண்ணாவுக்கு நாக்கடியில் புற்று. இரண்டு வருஷம் முன்னால் கதிர்வீச்சு கொடுத்தார்கள், குணமாகிவிட்டது. ஆனால் எச்சில் வற்றிப்போயிற்று. வாய் இரண்டு விரல் அகலம்தான் திறக்கும். எங்கே போனாலும் கையில் தண்ணீர் பாட்டில்.

கதிர் பட்ட தாடையில் சட்டென்று பல்லைப் பிடுங்கக்கூடாது. குழி ஆறாது, எலும்பு செத்துப்போகும். இதைப் படித்துப் பரீட்சை எழுதினவள்தான் நான்.

மார்ச்சில் அண்ணா கொல்லைப்பக்கமாக வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஆடுகிறது. மறுநாள் திருநெல்வேலியில் மருமான் கல்யாணம். "ஒரு இழு இழுத்துடேன் விஜி. பந்தியில உக்காந்து ரெண்டு வாய் பாயசமாவது சாப்பிடணும்." ஆஸ்பத்திரியில் கேட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆடுகிற பல்தானே, என் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று திமிர். அரை நிமிஷம், வந்துவிட்டது.

தெருக்காரர்களுக்கு நான் கார்டு போடுவதில்லை. யாரும் போடச் சொல்வதும் இல்லை. கொல்லைவழி வருவார்கள், போவார்கள். அதனால் இது எங்கும் எழுத்தில் இல்லை.

ஒரு மாதமாகியும் குழி மூடவில்லை. உள்ளே வெள்ளையாக எலும்பு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கேட்டா, தானா விழுந்துதுன்னு சொல்லிடுங்கோ அண்ணா" என்றும் சொன்னேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை அந்த மனுஷர். "பின்னே? உன் பேர் எதுக்கு அதுல" என்றார்.

பல் தானாக விழுந்து, எலும்பும் தானாகச் செத்தால் எந்த டாக்டரும் முதலில் புற்றைத்தான் தேடுவார். தேடித் தேடி வெட்டுகிறார்கள். வெட்ட வெட்டப் புண் பெரிதாகிறது.

ஜூன் 14, புதன்

வெயில் எட்டிப்பார்த்தது. மெஷின் சரி. வாங்க: பஞ்சு, கிளவுஸ், கொத்தமல்லி விரை அரை கிலோ.

மன்னிக்கு மூட்டுவலி. அண்ணாவோடு ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். சர்ஜனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், மலையாளி, பொறுமைசாலி. படம் போட்டு விளக்கினார். செத்த எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அண்ணாவின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்து, ஜெல்லி மாதிரி ஆக்கிக் குழியில் வைத்துத் தைப்பார்களாம். புதுச் சதையும் ரத்தக்குழாயும் வளர அது தூண்டும். எல்லாருக்கும் பலிக்காது. சிலருக்கு நன்றாக மூடியிருக்கிறது.

"பக்ஷே மேடம், உள்ளில் கேன்சர் உண்டெங்கில் அதும் வளரும். அதாணு பேடி."

அதுதான் அவர் பயம். சதையை வளர்க்கிற மருந்து புற்றையும் வளர்த்துவிட்டால்? அதனால் ஜெல்லி இப்போது இல்லை. அடுத்த வாரம் தாடையைத் திறந்து ஆழத்தில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்கப் போகிறார்.

அண்ணா பாட்டிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, யாரும் கேட்காமலே, "பல்லு தானாத்தான் விழுந்துது டாக்டர்" என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பாவி, நானும் தலையாட்டினேன்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்தார்.

ஜூன் 15, வியாழன்

காலையில் இவரிடம் சொன்னேன். "கேஸ் கீஸ் ஆகுமோ?" என்றார் முதலில். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "போய்ச் சொல்லிட்டு வா" என்றார். எரிச்சலாக வந்தது. அவர் மேல் எதற்கு எரிச்சல்?

11 மணி. சர்ஜன் அறை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"எத்ர மாசமாயி?"

"மூணு."

ஃபைலில் எழுதினார். "இது ஆத்யமே பறஞ்ஞிருந்தெங்கில்..." முதலிலேயே சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மூன்றாவது ரிசல்ட் வந்திருந்தது, அதுவும் சுத்தம். காரணம் தெரிந்துவிட்டதால் ஆழமாக வெட்ட வேண்டாம், ஸ்கேன் பார்த்துவிட்டு அடுத்த வாரமே ஜெல்லி வைக்கலாம் என்றார். குழி இவ்வளவு பெரிதாகாமல் இருந்திருந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னார்.

நேரே அவர்கள் வீடு. அண்ணா ஊஞ்சலில். மன்னி கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. நின்றபடியே ஒப்பித்தேன். நான் பிடுங்கினதால்தான் எலும்பு செத்தது. புற்று இல்லை. எனக்கு முதலிலேயே தெரியும்.

"அப்போ... திரும்பி வரலை? நிஜமாவா?" என்றார் அண்ணா. வாய்தான் சரியாகத் திறக்காது, கண்ணிலிருந்து கொட்டுகிறது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "நன்னா இரு விஜி, நன்னா இரு" என்கிறார். அடித்திருக்கலாம்.

மன்னி கஞ்சியைக் கீழே வைத்தாள்.

"திங்கக்கிழமை உன் ஆத்துக்கு வந்து அழுதேனே. அப்போ தெரியுமா உனக்கு?"

"தெரியும் மன்னி."

"கேட்டுண்டு இருந்தே. அப்புறம் காப்பி கலந்து குடுத்தே."

ஆமாம், கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டேன்.